படிக்கட்டில் செழிக்கும் வெள்ளிப் பாசி என் தொட்டியில் மட்டும் சாவது ஏன்?

கணக்குப்பிள்ளை கேட்டது:

வணக்கம். தட்டையான தொட்டியில் எட்டு ஆண்டுகளாக ஒரு போன்சாய் ஆல் வளர்த்து வருகிறேன். மரத்தில் குறையில்லை. அடியில் மண் மொட்டையாகக் கிடப்பதுதான் கண்ணை உறுத்துகிறது. எங்கள் வீட்டு வெளிப் படிக்கட்டில், மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையே உள்ள சிமெண்ட் வெடிப்பில், சாம்பலும் வெள்ளியுமாக மினுங்கும் ஒரு பாசி இருக்கிறது. அதன் பெயர் பிரையம் அர்ஜென்டியம் என்று அறிந்தவர்கள் சொன்னார்கள். இதைத் தொட்டிக்குக் கொண்டுவந்தால் போதும் என்று தொடங்கினேன். ஐந்து மாதங்களில் மூன்று முறை தோற்றிருக்கிறேன்.

வாழ்நாளெல்லாம் கணக்கெழுதிப் பிழைத்தவன் என்பதால் இதற்கும் குறிப்பேடு போட்டிருக்கிறேன். அதிலிருந்து தருகிறேன்.

முதல் முயற்சி. உள்ளங்கை அளவு பாசியைப் பெயர்த்து, மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் ஈர மண்ணின் மேல் வைத்தேன். சாடி அறைக்குள், ஜன்னலிலிருந்து எட்டடி தள்ளி இருந்தது. 12ஆம் நாள்: வெள்ளி நிறம் போய்விட்டது, வெறும் பச்சை. 20ஆம் நாள்: தண்டுகள் நீண்டு, மெலிந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. 31ஆம் நாள்: வெண்பூஞ்சை.

இரண்டாம் முயற்சி. நேராகத் தொட்டி மண்ணின் மேல் பதித்தேன். நல்ல வெயில். காய்ந்துவிடுமே என்று நாளைக்கு ஆறு முறை தெளிப்பானால் நீர் தெளித்தேன். ஒவ்வொரு முறையும் 10 நிமிடங்களில் காய்ந்தது. ஐந்தாம் வாரம் பழுப்பு.

மூன்றாம் முயற்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாசியை மோருடன் மிக்சியில் அடித்துப் பூசினால் பத்தே நாளில் பச்சை விரிப்பு வரும் என்று எங்கோ படித்தேன். பத்தே நாளில் வந்தது நாற்றம்தான். மிக்சி ஜாடியை வீட்டில் இன்னும் எனக்கு மன்னிக்கவில்லை.

இவ்வளவுக்கும், அந்தப் படிக்கட்டுப் பாசிக்கு யாரும் ஒரு சொட்டு நீர் ஊற்றியதில்லை. நாளுக்கு நூறு முறை மிதிக்கிறோம். அது செழிக்கிறது. என் கணக்கில் எந்த வரி தவறு?

சாடிக்காடு எழுதியது:

ஐயா, பாசி என்றாலே நிழலும் குளிர்ச்சியும்தான். வெயிலில் வைத்ததே தவறு. நான் கண்ணாடிச் சாடிகளில் மெத்தைப் பாசி வளர்க்கிறேன். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றுக் காட்டுவதோடு சரி, இரண்டாண்டுகளாக அப்படியே இருக்கிறது. முதல் முயற்சியையே திரும்பச் செய்யுங்கள், நீரை மட்டும் குறையுங்கள். பூஞ்சையைத் தின்ன வால்துள்ளிப் பூச்சிகளை விட்டால் இன்னும் நல்லது.

ஈரமண் எழுதியது:

சாடிக்காடு அண்ணா சொல்வது மெத்தைப் பாசிக்குச் சரி. அது லூகோபிரையம், காட்டு நிழலில் வாழ்வது. கணக்குப்பிள்ளை ஐயா கேட்பது வேறு குணமுள்ள ஆள். பாசி என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அடைத்து வைத்திருப்பவை கொஞ்சநஞ்சமல்ல. குளத்து நீரின் மேல் மிதப்பதையும் பாசி என்கிறோம், மீன் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டும் பச்சையையும் பாசி என்கிறோம். அவை இந்தக் குடும்பமே அல்ல. ஒன்றுக்குச் சொன்ன மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்துத்தான் பாதிப் பாசிகள் சாகின்றன.

ஐயா, உங்கள் குறிப்பேட்டிலேயே விடை இருக்கிறது. வரிசையாக வருகிறேன்.

பிரையம் அர்ஜென்டியம் திறந்தவெளிப் பாசி. நடைபாதை இடுக்கு, கூரை, சுவர் உச்சி என்று வெயிலும் வறட்சியும் மாறி மாறி அடிக்கும் இடங்களே அதற்கு வீடு. அண்டார்டிகா உட்பட எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது. கோல்ஃப் மைதானங்களில் பந்து குழிக்குள் விழும் அந்த வழவழப்பான புல்தரையில் இதுவே பெரிய களை. அங்கே அழிக்க முடியாமல் தவிக்கிறார்கள், இங்கே நாம் வளர்க்க முடியாமல் தவிக்கிறோம்.

அந்த வெள்ளி நிறம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இலைகள் தண்டோடு ஒட்டி, ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒவ்வோர் இலையின் நுனிப் பகுதியிலும் பச்சையம் கிடையாது, அந்த உயிரணுக்கள் நிறமற்றவை. காய்ந்திருக்கும்போது இந்த நுனிகள் சேர்ந்து வெள்ளியாகத் தெரிகின்றன. நிழலில் வைத்தால் தண்டு ஒளியைத் தேடி நீளும், இலைகள் விலகும், பச்சை வெளியே தெரியும். உங்கள் 12ஆம் நாள் குறிப்பு இதுதான். வெள்ளி போனது நோயின் முதல் அறிகுறி, பூஞ்சை கடைசி அறிகுறி. சாடியைத் திரும்ப எடுக்காதீர்கள்.

இரண்டாம் முயற்சிக்கு வருவோம். இதுதான் எனக்குச் சுவையானது, ஏனென்றால் நானும் இதே தவற்றை ஓராண்டு முழுக்கச் செய்தேன். பாசிக்கு வேர் இல்லை. அடியில் இருக்கும் மெல்லிய இழைகள் பிடித்துக்கொள்வதற்காக. நீரை உடம்பு முழுவதாலும் குடிக்கிறது, உடம்பு முழுவதாலும் இழக்கிறது. காய்ந்தால் சாவதில்லை. எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுத் தூங்கும். நனைந்தால் சில நிமிடங்களில் எழுந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறை எழும்போதும் காய்ந்தபோது கெட்டதைப் பழுது பார்க்க வேண்டும். அதற்குச் சேமிப்பிலிருந்து செலவு. பழுது பார்த்து முடித்து, ஒளியில் உணவு தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் வரவு. நீங்கள் 10 நிமிட ஈரம் கொடுத்து ஒரு நாளில் ஆறு முறை எழுப்பினீர்கள். ஆறு முறையும் செலவு மட்டும் நடந்தது, வரவு வருமுன் காய்ந்துவிட்டது. ஐந்து வாரத்தில் கையிருப்பு தீர்ந்தது. கணக்கெழுதியவருக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம்.

படிக்கட்டில் நடப்பது நேர்மாறு. மழை பெய்தால் படியின் நீரெல்லாம் வெடிப்புக்குள் இறங்குகிறது. அங்கே ஆண்டுக்கணக்கில் சேர்ந்த மெல்லிய தூசி அதை நாள்முழுக்கப் பிடித்து வைக்கிறது. பிறகு வாரக்கணக்கில் ஒன்றுமில்லை. பாசி தூங்குகிறது. நீண்ட ஈரம், நீண்ட உறக்கம். உங்கள் கால்களும் உதவி செய்கின்றன. இந்த இனம் பெரும்பாலும் உடைந்த நுனிகளாலும், இலைக் கக்கத்தில் உருவாகும் சிறு குமிழ் மொட்டுகளாலும் பரவுகிறது. மிதிபட்டு உதிர்வது அதற்கு விதைப்பு.

போன்சாய் மண் பரல் பரலாக இருப்பது இன்னொரு சிக்கல். மரத்தின் வேருக்கு நல்லது, பாசிக்கு அடியில் காற்று இடைவெளி. பெயர்த்த துண்டை அதன் மேல் வைத்தால் பாயை முள்வேலியில் விரித்தது போல.

இப்படிச் செய்து பாருங்கள். படிக்கட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து, மண்ணை உதறி, காகிதத்தில் பரப்பி இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிடுங்கள். விரல்களால் கசக்கித் தேநீர் வடிகட்டியால் சலியுங்கள். (வீட்டில் பயன்படுத்தும் வடிகட்டி வேண்டாம், மிக்சி வழக்கே இன்னும் முடியவில்லை.) தொட்டி மண்ணின் மேல் நேர்த்தியாகச் சலித்த மண்ணும் மெல்லிய மணலும் கலந்து அரை விரற்கடைக்கும் குறைவாகப் பரப்பி, தூளைத் தூவி, உள்ளங்கையால் அழுத்துங்கள். மேலிருந்து ஊற்றினால் தூள் மிதந்து ஓரத்தில் ஒதுங்கும். தொட்டியை நீருள்ள தட்டில் வைத்து, மேல்மண் கருக்கும் வரை கீழிருந்து ஏறவிடுங்கள்.

முதல் மூன்று நான்கு வாரம் மட்டும் காயவே விடக்கூடாது. நன்கு வளர்ந்த பாசி வறட்சியைத் தாங்கும், முளைக்கும் துண்டு தாங்காது. காலை வெயில் போதும். உச்சி வெயில் இப்போதைக்கு வேண்டாம். பச்சை பிடித்த பிறகு மெல்ல மெல்ல வெயிலுக்கு நகர்த்துங்கள், நீர்விடும் இடைவெளியையும் கூட்டுங்கள். விடும்போது முழுக்க நனையுங்கள்.

உரம் போடாதீர்கள். மோரைப் பற்றி ஒரு வரி: அதிலுள்ள சர்க்கரையும் புரதமும் பூஞ்சைக்கு விருந்து, பாசிக்கு அதனால் ஒரு பயனுமில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அம்மா, செலவு மட்டும் ஆறு முறை என்ற வரியைக் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டேன். நீங்கள் சொன்னபடியே தூவி இன்று 16ஆம் நாள். மேல்மண்ணில் பச்சைப் படலம் ஒன்று படர்ந்திருக்கிறது. இலையும் இல்லை, தண்டும் இல்லை, பச்சை வண்ணம் பூசியது போல இருக்கிறது. நீங்கள் சொன்ன அந்த வேறு குடும்பத்துப் பாசி வந்துவிட்டதா? சுரண்டி எடுத்துவிடட்டுமா?

ஈரமண் எழுதியது:

சுரண்டாதீர்கள்! பொறுங்கள். பாசி நேராகத் தண்டாக முளைப்பதில்லை. முதலில் கிளைவிடும் பச்சை இழைகளாக மண்ணில் பரவும், பிறகுதான் அந்த இழைகளில் மொட்டு வைத்துத் தண்டு எழும். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற பூதக்கண்ணாடி ஒன்று கிடைத்தால் பாருங்கள். பஞ்சு பிரித்தது போல இழை இழையாகத் தெரிந்தால் உங்கள் பிள்ளைதான். வழுவழுவென்று கூழ்போல் பளபளத்தால் அது வேறு, ஈரம் அதிகம் என்று பொருள். இந்தக் கட்டத்தில் சுரண்டி எறிந்தவர்கள் எத்தனையோ பேர். நானும் ஒருமுறை எறிந்திருக்கிறேன்.

மரக்குள்ளன் எழுதியது:

இருவரும் பாசியையே பேசுகிறீர்கள், மரத்தின் பக்கமும் ஒரு வார்த்தை. பாசி மூடிய பிறகு மண்ணின் ஈரம் கண்ணுக்குத் தெரியாது. மேலே பச்சையாக இருக்கும், கீழே வேர் காய்ந்து கிடக்கும். சில நேரம் தலைகீழாகவும் இருக்கும். ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் செருகி வைத்து, உருவிப் பார்த்து நீர் விடுங்கள். தொட்டியைத் தூக்கி எடையைப் பார்ப்பதும் பழகிவிடும். பாசி அடிமரத்தில் ஏறத் தொடங்கினால் பழைய பல்துலக்கியால் தேய்த்து இறக்கிவிடுங்கள். பட்டையோடு ஈரம் ஒட்டியே இருந்தால் அழுகும். நான் ஓரத்தில் ஒரு கை அளவு மண்ணை எப்போதும் மூடாமல் விடுவேன். அழகு சற்றுக் குறையும், பரவாயில்லை.

பறவைகள் வரும் இடமென்றால் வலை போடுங்கள். பூச்சி தேடிப் பாசியைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும்.

சாடிக்காடு எழுதியது:

நான் சொன்னதை ஒப்புக்கொள்ளாமல் இல்லை, திருத்திக்கொள்கிறேன். ஆனால் வால்துள்ளிகள் நல்ல பூச்சிகள்தாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒன்பதாம் வாரக் கணக்கு. 16ஆம் நாளின் படலம் இழைதான். 33ஆம் நாள் முதல் தண்டுகள், ஊசிமுனை அளவு. எண்ணத் தொடங்கி 140இல் விட்டுவிட்டேன். இப்போது தொட்டியின் மூன்றில் இரண்டு பங்கு மூடியிருக்கிறது. மரக்குள்ளன் சொன்னபடி ஓரத்தில் ஒரு கை அளவு மொட்டையாகவே விட்டிருக்கிறேன். சென்ற வாரம் நான்கு நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது எல்லாம் வெளுத்துக் கிடந்தது. மரத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பையன் தட்டில் நீர் வைத்திருந்தான். பழைய ஆளாக இருந்தால் பதறித் தெளிப்பானை எடுத்திருப்பேன். ஒரு குவளை நீரைப் பூவாளியில் ஊற்றி முழுக்க நனைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். காப்பி ஆறுவதற்குள் பச்சையாகிவிட்டது. மறுநாள் மதியம் காய்ந்தபோதுதான் கவனித்தேன், அந்த வெளுப்பு வெள்ளி. படிக்கட்டில் இருந்த அதே வெள்ளி.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. நான் ஊரில் இல்லாத அந்த நான்கு நாளில் வீட்டில் படிக்கட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டார்கள். மூன்றாம் படியில் ஒன்றுமில்லை. மிக்சிக்குப் பதிலடி என்று நினைக்கிறேன். தொட்டியில் இருப்பதுதான் இனி முதல்.

ஈரமண் எழுதியது:

வெடிப்பை சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்களா, இல்லை தேய்த்தது மட்டும்தானா? தேய்த்தது மட்டும்தான் என்றால் உள்ளே துண்டுகள் இருக்கும். அடுத்த மழைக்குப் பிறகு நான்காம் படியையும் பாருங்கள், பிரஷ் அங்கேயும் கொண்டுபோய்த் தூவியிருக்கும்.