உலகக்கோப்பை மைதானங்கள்: இருக்கை எண்ணிக்கை எதை எழுதுவது?

வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். விளையாட்டு விழாவுக்காக உலகக்கோப்பை கால்பந்து மைதானங்களை வைத்துப் பசங்க ஒரு பெரிய சார்ட் போடுகிறார்கள். படம், ஊர், ஆண்டு எல்லாம் முடிந்தது. இருக்கை எண்ணிக்கையில்தான் சிக்கி நிற்கிறோம். பென்சிலில் எழுதி எழுதி அழித்ததில் அந்தக் கட்டம் மட்டும் நைந்து போய்விட்டது.

2022 கத்தார்தான் தலைவலி. லுசைல் மைதானம் 80,000 என்று போட்டிக்கு முந்தைய செய்திகளில் இருக்கிறது. ஆனால் அர்ஜென்டினா–பிரான்ஸ் இறுதிப் போட்டிக்கு வந்தவர்கள் 88,966 பேர். "இருக்கிற சீட்டைவிட ஆள் எப்படி சார் அதிகம்?" என்கிறான் எட்டாம் வகுப்புப் பையன். நியாயமான கேள்வி. அல் பைத் மைதானமும் அப்படியே: அறிவித்தது 60,000, வந்தவர்கள் 68,895. கன்டெய்னர்களால் கட்டிய 974 மைதானத்துக்கு 40,000, 44,089.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் ஆட்ட அறிக்கை, விக்கிப்பீடியா, பழைய நாளிதழ்கள் எல்லாம் பார்த்தாச்சு. முதல் சுற்றுக்கு 40,000, அரையிறுதிக்கு 60,000, இறுதிக்கு 80,000 இருக்கை வேண்டும் என்பது ஃபிஃபா நிபந்தனை. அந்த முழு எண்கள் இந்தக் குறைந்தபட்ச அளவுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் 1950-இல் டிக்கெட் வாங்கியவர்களே 1,73,850 பேர். 2014 இறுதிக்கு 74,738. 1950 நின்று பார்த்த காலம், ஆண்டு போட்டுச் சமாளித்துவிடுவேன்.

திங்கட்கிழமை சார்ட்டை ஒட்ட வேண்டும். கத்தார் மைதானங்களுக்கு முன்பு அறிவித்த முழு எண்ணைப் போடுவதா, போட்டியின்போது ஃபிஃபா கொடுத்த எண்ணையா?