கடல் கடக்கும் முன் நம் வீட்டுக்கு வரும் குழந்தை: அனுபவப் பகிர்வு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுத்து, அதைத் தங்களுடன் அழைத்துச் செல்வதற்கு முன் கொஞ்ச காலம் ஊர் வீட்டில் வைத்திருக்கும் நிலை சில குடும்பங்களுக்கு வருகிறது. சட்ட விவரங்களைத் தேடினால் கிடைத்துவிடும். அந்த நாட்களில் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எப்படி நடந்துகொள்வது என்பதைத் தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். இங்கே ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை, வைத்திருக்கிறார்கள். குழந்தைகளை நாடு விட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றுக்கொண்டதால், அவர்கள் நேராக ஒரு காப்பகத்துக்குப் போய்க் குழந்தையைக் கேட்க முடியாது. அங்கே அங்கீகாரம் பெற்ற முகமை ஒன்று அவர்கள் வீட்டை நேரில் பார்த்து அறிக்கை எழுதி, அது தில்லியில் உள்ள மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்துக்கு, அதாவது எல்லோரும் காரா என்று சொல்லும் அமைப்புக்கு வந்து சேர்ந்து, நெடுநாள் காத்திருந்த பிறகு, ஒடிசாவில் ஒரு காப்பகத்தில் இருந்த மூன்றரை வயதுப் பெண் குழந்தையின் விவரம் அவர்களுக்கு வந்தது. காராவின் தடையில்லாச் சான்று கிடைத்த பின், தத்தெடுப்பு ஆணை கையில் வருவதற்குள், உறுதிமொழி எழுதிக் கொடுத்துக் குழந்தையை இந்தியாவுக்குள்ளேயே தற்காலிகமாக வைத்து வளர்க்க விதியில் இடம் உண்டு. முன்பு நீதிமன்றம் தந்து வந்த அந்த ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் தருகிறார். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த இடைக்காலத்தைத்தான் அவர்கள் எங்கள் வீட்டில் கழித்தார்கள்.

குழந்தை வந்த மறுநாளே எங்கள் தெருவில் அவளுக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது. பால் ஊற்ற வந்தவர், பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி, பொள்ளாச்சியிலிருந்து வந்த என் கொழுந்தனார் குடும்பம் என்று யார் கை நீட்டினாலும் சிரித்துக்கொண்டே போனாள். "வேத்து முகமே இல்லீங்களே டீச்சர், அம்மிணி என்னமா ஒட்டிக்கிச்சு" என்று ஒருவர் மாற்றி ஒருவர் மெச்சினார்கள். மெச்சாமல் இருந்தவள் என் மகள் ஒருத்திதான். ஹேக் உடன்படிக்கையின்கீழ் தத்தெடுக்கும் அமெரிக்கப் பெற்றோர் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. அந்தப் பயிற்சியில் அவளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே இதைப் பற்றித்தானாம். காப்பகத்தில் பார்த்துக்கொள்பவர்கள் காலையில் ஒருவர், இரவில் ஒருவர் என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். யார் வந்தாலும் சிரித்தால்தான் தூக்குவார்கள் என்று கற்றுக்கொண்ட குழந்தை, தாய்க்கும் தெருவில் போகிறவருக்கும் வேறுபாடு காணாது. நாம் பாசம் என்று எண்ணி மகிழ்வது, அது பிழைப்பதற்காகக் கற்றுக்கொண்ட வழக்கம். முப்பது வருடங்களுக்கு மேல் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய எனக்கு இது புதிய செய்தி.

ஆகவே வீட்டில் ஒரு கட்டுப்பாடு வந்தது. சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, காயத்துக்கு மருந்து போடுவது ஆகிய நான்கும் தாய் தந்தை கையால் மட்டுமே நடக்க வேண்டும். மற்றவர்கள் பேசலாம், விளையாடலாம், ஆனால் தூக்கக் கூடாது. அவளாக மடியில் வந்து ஏறினாலும் மெல்ல இறக்கி "அம்மாகிட்டப் போ கண்ணு" என்று திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டுக்கு வந்த பேத்திக்கு ஒரு வாய் ஊட்டக் கூடாது என்று அம்மாயியிடம் சொன்னால் எந்த அம்மாயிக்குத்தான் பொறுக்கும்? மனம் கசந்தது உண்மைதான். ஆனாலும் சமையலும் வாசலும் என் பொறுப்பு என்று வைத்துக்கொண்டேன். வந்தவர்களைத் திண்ணையிலேயே உட்கார வைத்து, காப்பி கொடுத்து, "பிள்ளை தூங்குதுங்க" என்று சொல்லி அனுப்பும் கலையில் நான் நன்றாகத் தேறிவிட்டேன். விருந்து வைக்க வேண்டும், காது குத்தித் தாய்மாமன் சீர் செய்ய வேண்டும் என்று நின்றவர்களிடம், ஆணை வரும்வரை சட்டப்படி அவள் இன்னும் எங்கள் பிள்ளை ஆகவில்லை என்று சொன்னதும் பேச்சு அடங்கியது. உறவினர் வாட்ஸ்அப் குழுவில் படம் போடவில்லை என்பதுதான் பெரிய மனத்தாங்கல். இத்தகைய குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடுக்கிறது என்று எடுத்துச் சொல்லியும் சிலர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசாதவரை வாசலுக்கு ஆள் குறைவு என்று நானும் விட்டுவிட்டேன்.

சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவள் தட்டிலிருந்து தலை நிமிராமல் சோற்றை விழுங்குவாள். எவ்வளவு வைத்தாலும் மிச்சம் வைக்க மாட்டாள். வயிறு நிறைந்த பிறகும் ஒரு இட்லியைக் கைக்குள் பொத்திக்கொண்டு போய்த் தலையணைக்கு அடியில் வைப்பாள். காலையில் தலையணை உறை முழுவதும் எறும்பு மொய்த்துக் கிடக்கும். பிடுங்கவோ திட்டவோ கூடாது என்று மகள் முதலிலேயே சொல்லியிருந்தாள். மூடி இறுக்கமில்லாத ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவில் பொரியும் நேந்திரங்காய் வறுவலும் போட்டு, அவளுக்கு எட்டும் உயரத்தில் வைத்து, தீரத் தீர அவள் கண் முன்னாலேயே நிரப்பினாள். முதலில் குழந்தை டப்பாவோடுதான் தூங்கினாள். பிறகு இரவில் எழுந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, எதையும் எடுக்காமல் மூடிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வாள். பின்னர் அது அடுக்களையிலேயே இருந்தது. இட்லியும் தட்டிலேயே மிஞ்சத் தொடங்கியது. பேத்தி சோற்றை மிச்சம் வைத்தாள் என்று மகிழ்ந்த பாட்டி இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதைப் போலவே, திண்ணைப் படியில் விழுந்து முழங்காலில் இரத்தம் வந்தபோதும் அவள் அழவில்லை. எழுந்து நின்று யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள், அவ்வளவுதான். சில வாரங்கள் கழித்து, விரலில் முள் குத்தியதற்கு வீடே அதிரும்படி அலறிக்கொண்டு, வழியில் நின்ற என்னைத் தாண்டி, கிணற்றடியில் இருந்த தாயிடம் ஓடினாள். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல் இருந்துகொண்டேன்.

ஆணைக்குப் பிறகு உடன்படிக்கையின் 23ஆவது பிரிவின்படி காரா தரும் இணக்கச் சான்றிதழ், பெற்றோர் பெயரோடு பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, தில்லித் தூதரகத்தில் விசா என்று வரிசையாக நடந்தன. அதில் சொல்லிக்கொள்ளும்படி சிக்கல் இல்லை. இந்தியாவிலேயே தத்தெடுப்பு முடிந்த குழந்தைகளுக்கு அமெரிக்கா தரும் ஐஎச்-3 விசாவில் போனதால், அமெரிக்காவில் கால் வைத்தவுடனேயே குடியுரிமை வந்துவிடும். அங்கே போன பிறகும் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் அடுத்த வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் முகமை வந்து பார்த்துக் காராவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

நகரியிலிருந்து, விசைத்தறி வைத்திருப்பவர்

ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்தேன். அவர்கள் வீட்டுக்குப் பொருந்தியது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது என்பதற்காக எங்கள் கதையைச் சொல்கிறேன்.

என் அண்ணன் காலமான பிறகு, அண்ணி தன் இரண்டாவது மகளைக் கனடாவில் பிள்ளையில்லாமல் இருக்கும் தன் அக்காவுக்குத் தத்துக் கொடுத்தார்கள். பிள்ளைக்கு அப்போது எட்டு வயது. 1956ஆம் வருட இந்துத் தத்தெடுப்புச் சட்டப்படி, தகப்பன் இல்லாதபோது தாயே கொடுக்கலாம். ஐயரை வைத்து முறைப்படி கொடுத்து வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமும் பதிந்தோம். அத்தோடு வேலை முடிந்தது, விசாவுக்குப் போகலாம் என்று பத்திரம் எழுதியவர் சொன்னார். முடியவில்லை. தத்தெடுப்பு விதிமுறைகளில் 2021 செப்டம்பரில் வந்த திருத்தத்தின்படி, இந்துத் தத்தெடுப்புச் சட்டத்தின்கீழ் தத்துக் கொடுத்த பிள்ளையை வெளிநாட்டுக்கு அழைத்துப் போவதானால் மாவட்ட ஆட்சியர் விசாரித்து அறிக்கை தர வேண்டும். பிள்ளை போகும் நாட்டின் ஒப்புதல் வேண்டும். அதற்குப் பிறகு காராவின் தடையில்லாச் சான்று வேண்டும். ஆந்திர எல்லைப் பக்கத்தில் இருக்கும் நமக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு: பத்திரமும் பள்ளிச் சான்றும் தெலுங்கில் இருக்கும், அண்ணனின் பழைய கல்யாணப் பதிவு திருத்தணியில் நடந்ததால் தமிழில் இருக்கும். பத்திரம் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சான்றொப்பம் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு பத்திரம் பதியப் போவதே நல்லது. பெயரின் எழுத்து ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியை அம்மா மற்றவர்களை விலக்கி வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு அம்மா உண்டு, அவளை நன்றாகத் தெரியும். பெற்றவளிடமிருந்து விலக்கினால்தான் பெரியம்மாவிடம் ஒட்டுவாள் என்று கனடாவில் யாரோ சொன்னதைக் கேட்டு, போன புதிதில் போன் பேச்சைக் குறைத்தார்கள். பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தது. பள்ளியில் வாய் திறக்கவில்லை. பிறகு தினமும் படுக்கப் போகும்முன் நகரிக்கு வீடியோ அழைப்பு என்று மாற்றினார்கள். அண்ணி தறி ஓடும் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து பாடம் கேட்பார்கள். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலை பின்னிவிடுவார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுத்த அன்று, கூட்டத்துக்குள் நின்றபடியே போனைத் தூக்கிப் பிடித்து அவளுக்குக் காட்டினோம். அதன் பிறகுதான் பெரியம்மாவை அம்மா என்று கூப்பிட்டாள், யாரும் சொல்லிக் கொடுக்காமல். இன்னொருத்தியை அம்மா என்று அழைப்பதால் தன்னைப் பெற்றவளை இழக்க மாட்டோம் என்ற தைரியம் வந்த பிறகு வந்த அழைப்பு அது என்பது என் எண்ணம்.

பாறசாலையிலிருந்து, மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்

நான் தத்தெடுத்தவனும் இல்லை, கொடுத்தவனும் இல்லை. ஐரோப்பாவில் வளர்ந்து, தன்னைப் பெற்றவரைத் தேடிக் குமரி மாவட்டப் பக்கம் வந்த ஒரு பெண்ணுக்குச் சில நாட்கள் துபாஷியாக இருந்தேன். 1984இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் நீதிபதி பகவதி தந்த தீர்ப்புதான் வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு இங்கே முதன்முதலில் ஒழுங்கு வகுத்தது; அதற்கு முன்பே போனவர் அவர். கையில் ஒரே ஒரு தாள், அதில் ஊர்ப் பெயர்கூடச் சரியாக இல்லை. இப்போதைய விதிப்படி 18 வயது நிறைந்தவர் தன் வேரைத் தேடித் தானே காராவிடம் விண்ணப்பிக்கலாம்; ஆனால் பெற்றவர் விரும்பாவிட்டால் அவர் விவரத்தைச் சொல்ல மாட்டார்கள், வேறு யாரும் அவருக்காகத் தேடவும் கூடாது. இலங்கை உள்ளிட்ட நாடுகளிலிருந்து போன குழந்தைகளின் கோப்புகளில் நடந்த முறைகேடுகளை ஒரு விசாரணைக் குழு வெளிக்கொண்டு வந்த பிறகு, 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் தன் தாளின் மீதும் தனக்குச் சந்தேகம் வந்தது என்று அவர் சொன்னார். தான் குழந்தையாக வந்த அன்று அணிந்திருந்த சட்டையைத் தன்னை வளர்த்தவர்கள் பழையது என்று எறிந்துவிட்டதுதான் அவருக்கு இன்றும் ஆறாத குறை. ஆசிரியை அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் மகள் காப்பகத்திலிருந்து என்னென்ன வாங்கி வந்தார்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, மீண்டும்

நகரிக்காரர் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். பெற்றவள் முகம் தெரிந்த எட்டு வயதுப் பிள்ளைக்கும், யார் முகமும் நிலைக்காத மூன்றரை வயதுப் பிள்ளைக்கும் ஒரே வழி ஆகாது.

பாறசாலைக்காரர் கேட்டதற்கு: காப்பகம் தரும் குழந்தை விவர அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் எப்படியும் கைக்கு வரும். அதற்கு மேல் என் மகள் கேட்டு வாங்கியவை இவை. உடுத்தியிருந்த கவுனையும் போர்த்திக்கொள்ளும் துண்டையும் துவைக்காமல் அப்படியே கேட்டாள், பழகிய வாசனை கொஞ்ச நாளாவது கூட இருக்கட்டும் என்று. வீட்டிலும் அவற்றை நான் துவைத்துவிடாமல் காவல் காத்தாள். குழந்தை எத்தனை மணிக்கு எழுவாள், எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவாள், விளக்கு எரிய வேண்டுமா, சோறு குழைந்திருக்க வேண்டுமா என்று ஒரு தாளில் எழுதி வாங்கினாள். இரவு நேரத்தில் பார்த்துக்கொண்ட ஆயா ஒடியாவில் பாடும் தாலாட்டைப் போனில் பதிவு செய்து வந்தாள். காப்பக வாசலையும், குழந்தை படுத்திருந்த கட்டிலையும், ஆயாவையும் அனுமதி கேட்டுப் படமெடுத்துக்கொண்டாள். அவை வேறு யார் கண்ணிலும் படாமல் என் மகள் கணினியில் மட்டும் இருக்கின்றன. குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று அறிவித்த குழந்தைகள் நலக் குழுவின் ஆணை முதல் விமானச் சீட்டு வரை எல்லாவற்றையும் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை அங்கேயும் மற்றொன்றை எங்கள் பீரோவிலும் வைத்திருக்கிறோம். கவுன் இப்போது பேத்திக்கு இடுப்புக்கே வராது. ஆனாலும் அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.