பில்ஜ் பம்புக்கு எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ்?

வணக்கம். படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் 12 வோல்ட் பம்பை மாற்றப் போகிறேன். பழைய பம்பின் விசிறியில் நைலான் நூல் சிக்கி மோட்டார் நின்றுவிட்டது. ஆனாலும் 15 ஆம்பியர் ஃப்யூஸ் எரியவில்லை. ஒயரின் மேலுறை இளகிக் கையில் ஒட்டியது. பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க், பயந்துவிட்டேன்.

புதிய பம்ப் 3 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் ஃப்யூஸ் போடச் சொல்லி அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர், போக வர 12 மீட்டர். ஃப்யூஸ் முதலில் ஒயரைக் காக்கத்தான், சரி. அப்படியானால் பேட்டரிக்குப் பக்கத்தில் 15, பம்புக்கு முன்னால் தனியாக 5 என இரண்டு போடலாமா? இல்லை, பேட்டரி பக்கம் ஒரே ஒரு 5 போதுமா? ஆளில்லாத இரவில் ஃப்யூஸ் வீணாக எரிந்துபோனால் படகே மூழ்கிவிடும், அதுதான் தயக்கம். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.