சிடி ஸ்கேன் கோப்புகளை பிஎன்ஜியாக மாற்றும்போது அடர்த்தி அளவுகளை இழக்காமல் காப்பது எப்படி?

கேள்வி – கதிரியக்கவியல் முதுநிலை மாணவர்

வணக்கம். கற்பித்தலுக்காக நெஞ்சுப் பகுதி சிடி ஸ்கேன்களின் தொகுப்பு ஒன்றைத் தயாரித்து வருகிறோம். நுரையீரல் முடிச்சுகளின் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் (சிடியில் திசுக்களின் அடர்த்தியைக் குறிக்கும் அலகு) அளக்கும் பயிற்சியும் அதில் இடம்பெற வேண்டும் என்பது எங்கள் விருப்பம். மருத்துவப் படங்களைச் சேமிக்கும் பொது வடிவமான டைகாம் கோப்பைத் திறக்கும் மென்பொருள் எல்லா மாணவர்களிடமும் இல்லை என்பதால், இழப்பில்லாத வடிவமான பிஎன்ஜிக்கு மாற்றலாம் என்று எண்ணி, ஸ்கேன் பார்க்கும் மென்பொருளில் உள்ள ஏற்றுமதி வசதியைப் பயன்படுத்தினேன். ஆனால் மூலக் கோப்பில் −850 அளவில் இருந்த நுரையீரல் திசுவும், −1000 அளவில் இருந்த காற்றும் பிஎன்ஜியில் ஒரே மாதிரி 0 என்று வருகின்றன. வடிவம் இழப்பில்லாதது என்றால் இந்த வேறுபாடு எங்கே மறைந்தது?

பதில் – மருத்துவப் பட மென்பொருள் பணியாளர்

பிஎன்ஜி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது; தன்னிடம் கொடுக்கப்பட்டதை ஒரு பிட்கூட மாறாமல் அது சேமித்துவிட்டது. இழப்பு அதற்கு முந்தைய படியில், திரையில் காட்டுவதற்காக விண்டோ (கறுப்பு முதல் வெள்ளை வரை காட்ட வேண்டிய அடர்த்தி எல்லை) பொருத்தும் இடத்தில் நேர்ந்துள்ளது. விண்டோவின் மையம் 40, அகலம் 400 என்று இருந்திருந்தால், −160க்குக் கீழே உள்ள அனைத்தும் கறுப்பாகவும் 240க்கு மேலே உள்ள அனைத்தும் வெள்ளையாகவும் வெட்டப்பட்டு, இடைப்பட்டவை மட்டும் 256 நிலைகளுக்குள் அடக்கப்படும். நுரையீரல் முழுவதும் அந்தக் கீழ் எல்லைக்கு வெளியே இருப்பதால்தான் உங்களுக்கு எல்லாமே 0 ஆகத் தெரிகிறது. பெரும்பாலான பார்வை மென்பொருள்களின் ஏற்றுமதி, திரையில் தெரிவதை 8 பிட் படமாக எழுதுவதாகவே இருக்கிறது. எனவே அளவீட்டுக்கு அதை நம்ப வேண்டாம்.

பிஎன்ஜியில் 16 பிட் சாம்பல் நிறப் படத்துக்கும் இடமுண்டு. பைத்தான் நிரல்மொழியில் டைகாம் கோப்பைப் படிக்கும் பைடைகாம் நூலகம் கொண்டு பிக்சல்களைப் படித்து, ஒவ்வொரு மதிப்பையும் கோப்பிலேயே குறிக்கப்பட்டுள்ள ரீஸ்கேல் ஸ்லோப் என்ற எண்ணால் பெருக்கி, ரீஸ்கேல் இன்டர்செப்ட் என்ற எண்ணைக் கூட்டினால் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு கிடைக்கும். ஆனால் பிஎன்ஜி எதிர்ம எண்களை ஏற்காது. அப்படியே எழுதினால் −1000 என்பது 64536 ஆகப் பதிந்து, காற்று எலும்பைவிட வெண்மையாகத் தெரியும். ஆகவே எழுதுவதற்கு முன் 32768ஐக் கூட்டுங்கள். படிக்கும்போது அதையே கழியுங்கள். 1024 மட்டும் கூட்டினால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. சில கருவிகள் ஸ்கேன் செய்யப்படும் வட்டப் பகுதிக்கு வெளியே உள்ள பிக்சல்களை −2000 என்று நிரப்புவதால் அது போதாது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2018இல் வெளியிட்ட டீப்லீஷன் என்ற சிடி படத் தொகுப்பும் இதே 32768 முறையில் 16 பிட் பிஎன்ஜியாகத்தான் இருக்கிறது.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடி செய்தேன். ஆனால் சாதாரணப் பட மென்பொருளில் திறந்தால் படம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில் – மருத்துவப் பட மென்பொருள் பணியாளர்

கெடவில்லை. உங்கள் மதிப்புகள் ஏறத்தாழ 31700 முதல் 36000 வரையிலான குறுகிய எல்லைக்குள் இருக்கின்றன. மென்பொருளோ 0 முதல் 65535 வரையிலான முழு வீச்சையும் காட்ட முயல்கிறது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், பிஎன்ஜியைத் திரும்பப் படித்து 32768ஐக் கழித்து, மூல அளவுகளோடு பிக்சல் பிக்சலாக ஒப்பிடுங்கள். எல்லா இடத்திலும் வேறுபாடு 0 ஆக இருக்க வேண்டும். ஓப்பன்சிவி என்ற பட நூலகம் கொண்டு படித்தால், மாற்றாமல் படிக்கும் விருப்பத்தைக் கட்டாயம் கொடுங்கள்; கொடுக்காவிட்டால் அது 8 பிட்டாகக் குறைத்துவிடும். பெட் ஸ்கேனுக்கு இந்த முறையை நீட்டிக்க வேண்டாம், ஏனெனில் அங்கு ஸ்லோப் பின்னமாக இருப்பதோடு துண்டுக்குத் துண்டு (ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்துக்கும்) மாறவும் கூடும்.

பதில் – கதிரியக்கத் தொழில்நுட்பர்

மேலே கூறப்பட்டவை அனைத்தும் சரியே. ஆயினும் பிக்சல்கள் முழுமையாக வந்துவிட்டால் ஸ்கேன் முழுமையாக வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. பிக்சல் இடைவெளி, துண்டின் தடிமன், துண்டு இருக்கும் இடம் ஆகியவை டைகாம் கோப்பின் டேக்குகளில் (படத்தோடு சேர்ந்து வரும் தகவல் குறிப்புகளில்) உள்ளன; அவை பிஎன்ஜிக்குள் வருவதில்லை. அவை இல்லாமல் முடிச்சின் அடர்த்தியை அளக்கலாம், ஆனால் அது எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல முடியாது. எனவே அவற்றை ஒரு சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்பில் எழுதிப் படங்களோடு வையுங்கள். இடத்தை மிச்சப்படுத்துவது மட்டும் நோக்கம் என்றால், டைகாமுக்குள்ளேயே ஜேபெக்-எல்எஸ் அல்லது ஜேபெக் 2000 இழப்பில்லாச் சுருக்கத்தைப் பயன்படுத்துவதையே நான் பரிந்துரைப்பேன். டேக்குகளும் உடன் இருக்கும். எப்படியிருந்தாலும் மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். லாஸி இமேஜ் கம்ப்ரஷன் என்ற டேக்கில் 01 என்று இருந்தால், அந்தப் படம் உங்களிடம் வருவதற்கு முன்பே இழப்புடன் சுருக்கப்பட்டது என்று பொருள். அளவீட்டுப் பயிற்சியில் அதைச் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டேக்குகள் நீங்கிவிட்டதால் நோயாளியின் அடையாளமும் நீங்கிவிட்டது என்று பலர் நம்பிவிடுகின்றனர். சிடி தொகுப்போடு வரும் கதிரியக்க அளவு அறிக்கைப் பக்கம் பெரும்பாலும் படமாகவே சேமிக்கப்படுகிறது. நோயாளியின் பெயரும் அடையாள எண்ணும் அதன் பிக்சல்களிலேயே பதிந்திருக்கக்கூடும். மாற்றத்தைத் தொடங்குவதற்கு முன்பே அந்தத் தொடரைத் தனியே பிரித்து நீக்கிவிடுங்கள்.