பந்து துரத்திக்கொண்டு வருமே, அந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை வீடியோ கேம் ஆடியவர்கள் உண்டா?

நான் முதன்முதலில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆடியது 1994இல், சென்னைப் புறநகரில் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த அறையில். மூன்று மெஷின். டோக்கன் ஒரு ரூபாய். ஆறு பட்டனில் இரண்டு செத்துப்போனவை. மேல் வரிசை மூன்றும் குத்து, கீழ் வரிசை மூன்றும் உதை என்பதே ரொம்ப நாள் எங்களுக்குத் தெரியாது. எது வேலை செய்கிறதோ அதைப் போட்டுத் தட்டுவோம்.

கேமில் வரும் சண்டைக்காரன் ரியூ எறிகிற நீலப் பந்தை ‘ஆடுகென்’ என்போம். எங்கள் மெஷினில் அது நேராகப் போகாது. எதிராளி குதித்தால் அதுவும் மேலே ஏறும், உட்கார்ந்தால் கீழே இறங்கும். ஆளைத் துரத்திக்கொண்டே போகும். அந்தரத்தில் இருந்தபடியே பந்து விடலாம். ஸ்டார்ட் பட்டனைத் தட்டினால் சண்டை நடுவிலேயே ரியூ வேறு ஆளாக மாறிவிடுவான். தோற்கப்போகிறவன் பதறிப்போய் ஸ்டார்ட்டைத் தட்டிக்கொண்டே இருப்பான்.

கல்லூரிக் காலத்தில் நண்பன் ஒருவன் கம்ப்யூட்டரில் இந்த கேமைப் போட்டுக் காட்டினான். பந்து நேராகப் போய் முடிந்தது. ஸ்டார்ட்டைத் தட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. “டேய், இது டூப்ளிகேட்டுடா” என்றேன். அசலைப் பார்த்துப் போலி என்று சொன்ன ஆள் நான்!

பிறகுதான் தேடிப் படித்தேன். ஜப்பானிய கேம் நிறுவனமான கேப்காம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ஐ 1991இல் வெளியிட்டது. அடுத்த வருடம் அதன் புதுப் பதிப்பு, சாம்பியன் எடிஷன். அதன் சிப்பை மாற்றி யாரோ செய்த திருட்டுப் பதிப்புகள் ஊர் ஊராகப் பரவின. அவற்றில் பேர்பெற்றது ரெயின்போ எடிஷன். நாங்கள் ஆடியது அந்த வகையறா. அமெரிக்காவில் இதற்குக் கூட்டம் சேர்வதைப் பார்த்த கேப்காம், 1992 கடைசியில் வேகத்தைக் கூட்டி டர்போ என்று ஒன்றை இறக்கியது. கேமில் வரும் இந்திய யோகி தல்சிம் மறைந்து வேறு இடத்தில் தோன்றுவதும் சண்டைக்காரி சுன்லி பந்து எறிவதும் அதில்தான் வந்தன. திருட்டுச் சரக்கைப் பார்த்து முதலாளி கடையைத் திருத்திய கதை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

2017இல் வேலை விஷயமாக டோக்கியோ போனபோது, தகாடனோபாபாவில் மிகாடோ என்ற கேம் சென்டருக்குப் போனேன். பழைய மெஷின்களுக்குப் பேர்போன இடம். ஜப்பானில் சண்டை கேம்களுக்கு இரண்டு மெஷினை முதுகோடு முதுகு ஒட்டி வைத்திருப்பார்கள், எதிரே ஆடுகிறவர் முகம் தெரியாது. 100 யென் போட்டேன். அந்தப் பக்கம் ஆடியவர் எடுத்த ஆள் கைல். நான் குதித்தால் உதை, நின்றால் பந்து, அப்புறம் என்னை அறியாமல் என் கை ஸ்டார்ட் பட்டனுக்குப் போனது. இருபத்துமூன்று வருடப் பழக்கம்! அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

எழுந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். தலை நரைத்த மனிதர், காலடியில் ஆபீஸ் பை. ஜாய்ஸ்டிக்கின் தண்டை விரலிடுக்கில் விட்டு, உருண்டையை உள்ளங்கையில் ஏந்திப் பிடித்திருந்தார். நாங்களெல்லாம் பஸ் கியர் மாதிரிப் பிடித்து இழுத்தவர்கள்.

*

உங்கள் பதிவைப் படித்தேன். எங்கள் தெருவில் அந்த மாதிரிக் கடைக்குள் பெண் பிள்ளைகள் போக முடியாது. வாசலில் நின்று தம்பியைக் கூப்பிடலாம், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் டிவியில் மாட்டுகிற வீடியோ கேம் இருந்தது. அதற்குத் திருட்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் கேசட் கிடைத்தது. அசலில் இருந்த எட்டுப் பேரில் சிலர்தான் அதில் இருந்தார்கள். நல்லவேளை, சுன்லி இருந்தாள். அப்பாவைக் கொன்றவனைத் தேடி வந்தவள் என்பதெல்லாம் அப்போது தெரியாது. உதை பட்டனை விடாமல் தட்டினால் கால் மின்னல் மாதிரிப் போகும், அது போதும் எனக்கு. கட்டைவிரலில் கொப்புளம் வந்ததற்கு அம்மாவிடம் தேங்காய் துருவினேன் என்று பொய் சொன்னேன். தேங்காய் துருவினால் கட்டைவிரலில் கொப்புளம் வராது என்று அம்மாவுக்கும் தெரியும்.

அந்தப் பாட்டுகள் இன்றைக்கும் வாயில் வரும். அசலில் பெரும்பாலானவற்றுக்கு இசையமைத்தவர் யோகோ ஷிமோமுரா, ஒரு பெண், என்று தெரிந்தபோது என்னவோ சந்தோஷமாக இருந்தது.

சரி, அந்த ஜப்பான்காரரோடு மறுபடி ஆடினீர்களா? அதைச் சொல்லாமலே விட்டுவிட்டீர்களே.

*

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இந்த கேம் விட்டுச்சென்ற சொத்து என்றால் எனக்கு காம்போதான். ஓர் அடி விழுந்து எதிராளி சுதாரிப்பதற்குள் அடுத்த அடி. யாரும் அதைத் திட்டமிடவில்லை. சோதனை செய்யும்போது தென்பட்ட ஓட்டை அது, யாருக்கும் அவ்வளவு சுலபத்தில் வராது என்று நினைத்து விட்டுவைத்தார்கள். இன்று எந்தச் சண்டை கேமும் அது இல்லாமல் கிடையாது.

2013 ஜூலையில் இங்கே விடிந்தும் தூங்காமல் ஈவோ என்ற சண்டை கேம் போட்டியைப் பார்த்தேன். லாஸ் வேகாஸில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4இல் ஜெயித்தது எங்கள் ஊர் ஷியான். அவர் ஆட எடுத்த ஆள் ஜென், 1987இல் வந்த முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரிலேயே இருந்த கிழவன். இறுதியில் ஜப்பானின் டோகிடோவை அடித்தபோது நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டிவிட்டார்.

*

தல்சிமை யாரும் சரியாகக் கண்டுகொள்ளவில்லையே! நான் பள்ளியில் படித்தது கலிஃபோர்னியாவில். அங்கே மெஷினின் கண்ணாடி ஓரத்தில் கால் டாலர் காசை வைத்தால் அடுத்த ஆட்டம் நம்முடையது என்று அர்த்தம். நான் காசு வைத்த உடனே, தல்சிம் நெருப்பு விடும்போது கத்துகிற “யோகா ஃபயர்” என்பதைக் கூவுவார்கள். கழுத்தில் மண்டையோடு, பின்னால் வரிசையாக யானைகள், இதுதான் இந்தியா என்று அவர்களுக்கு நினைப்பு. வீம்புக்கு அவனையே எடுத்துப் பழகினேன். கை நீளும்தான், ஆனால் நீட்டிய கையிலும் அடி விழும். எப்போது நீட்டக் கூடாது என்று பிடிபடவே ஒரு கோடை விடுமுறை போனது. அதற்கப்புறம் கூவல் குறைந்தது.

*

அந்த ஜப்பான்காரரோடு மறுபடி ஆடினேனா என்று கேட்டவருக்கு: ஆடினேன், மொத்தம் ஆறு தடவை காசு போட்டேன். ஆறாவதில் ஒரு ரவுண்டு ஜெயித்தேன். ரவுண்டுதான், ஆட்டம் இல்லை.