28 சுற்று ஓடிய வண்டி 11 சுற்றில் நின்றது: பேட்டரி கார் அனுபவங்கள்

கும்பகோணம் பக்கத்திலிருந்து:

அரசலாற்றின் கரையை ஒட்டிய ஒரு தங்கும் விடுதியில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். வாசலிலிருந்து அறைகளுக்கும் அங்கிருந்து படித்துறைக்கும் வயதானவர்களை அழைத்துச் செல்ல, ஆறு பேர் அமரும் பேட்டரி கார் ஒன்று எங்களிடம் இருக்கிறது. கோல்ஃப் மைதானத்துக்காக உருவான வண்டிதான். நம் பக்கத்தில் கோல்ஃப் ஆடுவார் இல்லை என்பதால், கோயில் வாசலில் ஓடினாலும் மருத்துவமனை வளாகத்தில் ஓடினாலும் அது பேட்டரி கார்தான். இருக்கைக்கு அடியில் 8 வோல்ட் பேட்டரிகள் ஆறு, ஒன்றோடொன்று தொடராக இணைந்து 48 வோல்ட் தருகின்றன. வளாகத்தை ஒருமுறை சுற்றினால் 1.4 கிலோமீட்டர். வண்டி வந்த புதிதில் ஒரு சார்ஜுக்கு 28 சுற்று ஓடியது. இருபது மாதம் கழித்து, சென்ற பங்குனியில், 11 சுற்றிலேயே படுத்துவிட்டது.

பேட்டரி விற்கும் கடைக்காரர் ஒருவர் வந்து, மல்டிமீட்டரின் கம்பிகளை இரு முனைகளிலும் ஒரு கணம் வைத்து எடுத்துவிட்டு, "செட்டையே மாற்றிவிடுங்கள் சார்" என்றார். ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்ற கணக்கையும் கையோடு சொன்னார். மீட்டர் காட்டியதோ 50 வோல்ட்டுக்கு மேல். முழுதாக சார்ஜ் ஏறி, பல மணி நேரம் ஓய்ந்திருக்கும் 48 வோல்ட் செட் ஏறத்தாழ 50.9 வோல்ட் காட்ட வேண்டும். பாதி தீர்ந்தால் 48.4 அளவுக்கு இறங்கும். எண் நன்றாக இருக்கும்போது செட் முழுவதும் கெட்டுவிட்டது என்று அவர் எதை வைத்துச் சொன்னார் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆகவே பணம் கேட்டு முதலாளியிடம் போவதற்கு முன்பு நாமே ஒருமுறை அளந்துவிடுவோம் என்று இறங்கினேன்.

பெயிண்டால் பேட்டரிகளுக்கு 1 முதல் 6 வரை எண் போட்டேன். இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, மறுநாள் மாலைவரை வண்டியைத் தொடாமல் விட்டு ஒவ்வொன்றாக அளந்தேன்: 8.45, 8.44, 8.46, 8.32, 8.45, 8.43. மொத்தம் 50.55. நான்காவது மட்டும் சற்றுக் குறைவு. பத்தில் ஒரு வோல்ட்தானே என்று அன்று அதைப் பொருட்படுத்தாமல் விட்டது என் பிழை. தொடர் இணைப்பில் ஒரு பேட்டரியின் பலவீனம் மற்ற ஐந்தின் பலத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்பது பிறகுதான் உறைத்தது.

பாரம் ஏற்றி அளக்க மேடு வேண்டும். டெல்டாவில் மேட்டுக்கு எங்கே போவது? ஆற்றின் கரைதான் நமக்கு மலை. படித்துறைக்கு இறங்கும் சரிவில், சமையற்காரர், இரண்டு காவலாளிகள், தோட்டக்காரர் ஆகியோரை ஏற்றிக்கொண்டு ஆறு முறை கரையேறினேன். ஒவ்வொரு முறையும் ஒரு பேட்டரியின் முனைகளில் முதலைக் கிளிப்புகளைப் போட்டு, நீளமான ஒயரை இருக்கையின் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, மீட்டரைச் சமையற்காரரின் மடியில் வைத்துவிட்டேன். ஐந்து பேட்டரிகள் 7.9 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றன. நான்காவது 6.6 வரை சரிந்து, கரையேறி முடிந்ததும் மெல்ல மேலே வந்தது. பேட்டரிக்குள் தனித்தனி அறையாக இருக்கும் செல் ஒன்றுக்கு 1.75 வோல்ட், அதாவது நான்கு செல் கொண்ட 8 வோல்ட் பேட்டரிக்கு 7 வோல்ட் என்பதுதான் வழக்கமாகக் கொள்ளும் கீழெல்லை. முழு சார்ஜில் இருக்கும்போதே, ஒரு சின்ன ஏற்றத்தில், அதற்கும் கீழே போகும் பேட்டரியை வைத்துக்கொண்டு 28 சுற்று எங்கே ஓடுவது!

அடுத்தது, செல்லில் இருக்கும் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். அந்த ஆறு பேட்டரிகளின் 24 செல்களையும் பார்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கண்ணாடி அணிந்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொட்டேன். ஆசிட்டின் அடர்த்தி வெப்பத்தில் குறைத்துக் காட்டும் என்பதால், 27 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்டிக்கொள்ள வேண்டும். அன்று இருக்கைக்கு அடியில் 32 டிகிரி. மற்றவையெல்லாம் 1.260-ஐ ஒட்டி இருந்தன. நான்காவது பேட்டரியின் மூன்றாவது செல் மட்டும் 1.175. ஒரே செட்டில் செல்லுக்குச் செல் 0.030-க்கு மேல் வேறுபட்டாலே சந்தேகப்பட வேண்டும் என்பார்கள்; இங்கே கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேறுபாடு.

ஏன் அந்தச் செல் மட்டும்? டார்ச் அடித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. அதன் மூடிக்கு மேலே இருக்கையின் கீல் குறுக்கே வருகிறது. கீலின் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தினால்தான் மூடியைத் திருப்ப முடியும். தண்ணீர் ஊற்றும் பையன் கைக்கு எட்டிய 23 மூடிகளைத் திறந்து ஊற்றிவிட்டு, எட்டாத ஒன்றை மாதக்கணக்காக விட்டிருக்கிறான். தகடுகளின் மேல் விளிம்பு நீருக்கு வெளியே நீட்டி, வெயிலில் காய்ந்த சேற்று வரப்பைப் போல வெளிறிக் கிடந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கீலை நானும் பார்த்ததே இல்லை.

தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜ் முடிந்த பிறகு மீதியை நிரப்பி, எல்லாச் செல்களும் சமமாவதற்காகக் கூடுதல் நேரம் சார்ஜ் கொடுத்துப் பார்த்தேன். அந்தச் செல் 1.190-ஐத் தாண்டவில்லை. இருபது மாதப் பழைய செட்டில் புத்தம்புது பேட்டரி ஒன்றைச் செருகினால், பழையவற்றோடு அது ஒத்துப் போகாது, சீக்கிரமே அவற்றின் நிலைக்கு வந்துவிடும். எனவே அதே நிறுவனத்தின், அதே திறனுள்ள, ஏறத்தாழ அதே வயதுடைய பேட்டரி ஒன்றை, பாகம் பாகமாகப் பிரித்து விற்ற வேறொரு வண்டியிலிருந்து வாங்கிப் போட்டேன். வண்டி 19 சுற்று ஓடியது. கூடியிருக்கிறது, ஆனால் இன்னும் 9 சுற்று எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இதுபோன்ற வண்டியைப் பார்த்துக்கொள்பவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மன்னார்குடியிலிருந்து:

இன்வெர்ட்டர் வேலை செய்கிறவன் நான். பேட்டரியைப் பார்த்துவிட்டீர்கள், பேட்டரிகளுக்கு நடுவே இருக்கும் கம்பியைப் பார்த்தீர்களா ஐயா? இங்கே ஒரு திருமண மண்டபத்தின் வண்டியில் ஆறு பேட்டரியும் நன்றாகவே இருந்தன. ஆனால் கம்பியின் நுனியைப் பேட்டரியின் முனையோடு பிணைக்கும் லக் ஒன்றில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. வண்டியை ஓட்டியபடியே அந்த லக்குக்கும் அது உட்கார்ந்திருக்கும் ஈயக் கம்பத்துக்கும் இடையே அளந்தால் 0.6 வோல்ட் காட்டியது. 60 ஆம்பியர் ஓடும்போது அந்த ஓர் இணைப்பில் மட்டும் 36 வாட் சூடாகப் போகிறது என்று அர்த்தம். ஓட்டி முடித்து இறங்கியவுடன் புறங்கையை ஒவ்வொரு லக்கின் அருகிலும் கொண்டுபோனால் குற்றவாளி தானே சொல்லிவிடும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவி (செல்லின் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போனால் ஆசிட் கெட்டுவிடும்), பளபளப்பாகும்வரை சுரண்டி இறுக்கிவிட்டு, மேலே வாஸ்லின் தடவினேன். ஸ்பானரின் கைப்பிடியில் மறக்காமல் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். இரு முனைகளுக்கும் குறுக்கே விழுந்த என் பழைய ஸ்பானரில் அன்று உருகிய பள்ளம் இன்னும் இருக்கிறது.

வேதாரண்யம் பக்கத்திலிருந்து:

எங்கள் அனுபவம் வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் பண்ணையின் வண்டி பாதி சார்ஜில் கொட்டகையில் நின்றது. பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. விழுந்த தென்னைகளை எண்ணவே நேரம் போதாத நாட்களில் வண்டியை யார் நினைப்பார்? மின்சாரம் வந்து சார்ஜரைச் செருகினால் அது தொடங்கவே மறுத்தது. செட்டின் வோல்டேஜ் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போய்விட்டால் சில சார்ஜர்கள் பேட்டரி இருப்பதையே உணர்வதில்லை. சிறிய சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கி, ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனியாகக் கொஞ்சம் ஏற்றிய பிறகே பெரிய சார்ஜர் வேலை செய்தது. ஆனால் பழைய ஓட்டம் திரும்பவில்லை. சார்ஜ் குறைந்து நிற்கும் பேட்டரியின் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டிப்பட்டுவிட்டால், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் அதில் பெரும்பகுதி கரையாது. இப்போதெல்லாம் ஐப்பசி பிறந்ததும் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் முழு சார்ஜில்தான் நிற்கிறது.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நிலத்தடி நீரில் உப்பு அதிகம் என்பது ஊருக்கே தெரியும். இருந்தும் அவசரத்துக்கு ஒரு குவளை என்று ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். குளோரைடும் இரும்பும் உள்ளே போனால், வண்டி சும்மா நிற்கும்போதே சார்ஜ் தானாகத் தீரும். டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்றை வண்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் அந்தச் சபலம் வராது.

தஞ்சாவூரிலிருந்து:

எங்கள் கல்லூரி வளாகத்தில் ஓடுவது லித்தியம் பேட்டரி என்பதால், மேலே சொன்ன ஹைட்ரோமீட்டர் வேலைக்கு இடமில்லை. வோல்டேஜும் அதிகம் சொல்லாது. 16 செல் கொண்ட 51.2 வோல்ட் செட், முக்கால் சார்ஜிலும் கால் சார்ஜிலும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். எங்கள் வண்டியின் ஓட்டம் குறைந்தபோது, ஒரு செல் மற்றவற்றுக்கு முன்பே தீர்ந்து, கட்டுப்பாட்டுப் பலகை செட் முழுவதையும் துண்டித்துக்கொண்டிருந்தது கைபேசிச் செயலியில் தெரிந்தது. ஆகவே செல்வாரியான எண்களைக் காட்டாத செட்டை வாங்காதீர்கள் என்பேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

எங்கள் வண்டிக்கு முன்பு எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டியிருந்தது. இப்போது மூன்று மணி நேரத்திலேயே பச்சை விளக்கு எரிகிறது. சார்ஜர் நன்றாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கும்பகோணம் பக்கத்திலிருந்து:

திருத்துறைப்பூண்டி நண்பருக்கு: வேண்டாம் ஐயா. அதே அளவு ஓடிவிட்டு வந்த வண்டிக்குச் சீக்கிரம் பச்சை எரிகிறது என்றால், குடம் சிறுத்துவிட்டதால் சீக்கிரம் நிரம்புகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். பச்சை எரிந்த மறுநாள் காலையில் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பாருங்கள். அடர்த்தி குறைவாக இருந்தால், சார்ஜர் பாதியிலேயே நிறுத்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மன்னார்குடி நண்பர் சொன்னபடி லக்குகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் குளிர்ந்தே இருந்தன. ஆனால் குனிந்த குனிப்பில் பின் இடது சக்கரத்திலிருந்து அனல் அடித்தது. சமதளத்தில் கிளாம்ப் மீட்டர் 82 ஆம்பியர் காட்டியது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுழற்றினால் வலது சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க, இடது சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. படித்துறைச் சேறு புகுந்து கைபிரேக்கின் கேபிள் துருப்பிடித்து, விடுவித்த பிறகும் பிரேக் ஷூ டிரம்மைக் கவ்விக்கொண்டே இருந்திருக்கிறது. கேபிளை மாற்றி, 12 பி.எஸ்.ஐ. மட்டுமே இருந்த டயர்களில் 20 வரை காற்றடித்த பிறகு அதே சமதளத்தில் 58 ஆம்பியர். இப்போது 25 சுற்று ஓடுகிறது.

மீதி மூன்றை நான் துரத்தப் போவதில்லை; இருபது மாத வயதுக்கு அது நியாயமான தேய்மானம்தான். ஆனால் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால், பம்புசெட்டுகள் ஓடும் மாலை நேரத்தில் எங்கள் பகுதியில் 175 வோல்ட்தான் வருகிறது. எங்கள் பழைய மாடல் சார்ஜர் அந்த வோல்டேஜில் திணறுகிறது. காலையில் அடர்த்தி 1.230-ஐத் தாண்டுவதில்லை. ஆகவே இந்த வாரம் முதல் இரவு 11 மணிக்குப் பிறகு சார்ஜ் போடச் சொல்லியிருக்கிறேன். காவலாளி முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய்ச் செருகுகிறார். கீலின் இரண்டு போல்ட்டுகளையும் எடுத்துவிட்டு, கையால் திருப்பும் சிறகு நட் மாட்டிவிட்டோம்.