படகு இஞ்சினின் காலை உப்பு தின்ற கதை: உங்களுக்கும் நடந்திருக்கா?

தெலுக் பாஹாங் தூண்டில்:
செகண்ட் ஹேண்ட் 40 குதிரைசக்தி அவுட்போர்டு, படகின் பின்னால் மாட்டும் இஞ்சின். பட்டறையில் முழு சர்வீஸ் செய்து, தண்ணீருக்குள் இறங்கும் அதன் காலுக்குக் கருப்புப் பெயின்டும் அடித்துக் கொடுத்தார்கள். சில மாதத்தில் ப்ரொபெல்லருக்கு மேலே கொப்புளம் எழும்பியது. ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒன்றைக் குத்தினேன். வெள்ளைப் பொடி கொட்டியது, முனை அலுமினியத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. இன்னும் உறுத்துவது பக்கத்திலிருந்த ஜிங்க் (துத்தநாக) கட்டிதான், இஞ்சினுக்குப் பதில் தான் கரைந்து அரிப்பைத் தடுக்க மாட்டுவது. சுரண்டிப் பார்த்தால் வார்ப்பெழுத்துகூட அழியவில்லை, புத்தம்புதுசு. அதன் மேலும் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்! படகுத்துறைப் பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர், அது கரையாவிட்டால் இஞ்சின்தான் கரையும் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து மாவுங் படகு:
தம்பி, பட்டறையை மட்டும் திட்டாதீங்க. அடித்தது என்ன பெயின்ட்? படகின் அடியில் சிப்பி ஒட்டாமல் பூசுவதில் பெரும்பாலும் செம்பு இருக்கும். அதை அலுமினியக் காலில் பூசினால் நல்ல ஜிங்க் இருந்தாலும் அரிக்கும். என் கதை நேர் எதிர். புது ஜிங்க் மாட்டினேன், அடுத்து படகைக் கரையேற்றினால் போல்ட் மட்டும்தான் மிச்சம். படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப்பின் ஒயரில் தோல் உரிந்து, அடித்தட்டுத் தண்ணீரில் கிடந்து கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. ஜிங்க் தீர்ந்த பிறகு அடுத்த பலி எது என்று சொல்லவா வேணும்.

பிறை ஆத்துக்காரன்:
ரெண்டு பேரும் கடலையே பேசுறீங்க. நான் பிறை ஆற்றில் படகைக் கட்டி நிறுத்துபவன். நல்ல தண்ணீர் கலக்கும் இடத்தில் ஜிங்க் மேல் படலம் கட்டி, அது வேலையை நிறுத்திவிடுகிறது. அலுமினியக் கலவை அனோடுக்கு (இப்படிக் கரையும் கட்டிக்கு அதுதான் பெயர்) மாறினேன், ஒழுங்காகக் கரைகிறது. என் கதை அவ்வளவுதான்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அனோடு உட்காரும் இடத்தில் பெயின்ட், கிரீஸ் எதுவும் இருக்கக் கூடாது, வெறும் உலோகம் தெரிய உப்புத்தாளால் தேயுங்கள். மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஒரு முனையை அனோடிலும் மறு முனையை இஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்தால் கிட்டத்தட்ட 0 காட்டணும். பாதி கரைந்ததுமே மாற்றிவிடுங்கள், முழுசாகத் தீரட்டும் என்று கஞ்சத்தனம் வேண்டாம். மெக்னீசியம் அனோடு தெமெங்கோர் ஏரி மாதிரி நல்ல தண்ணீருக்குச் சரி, கடலில் சட்டென்று தீர்ந்துவிடும். அப்புறம், பல இஞ்சின்களில் குளிரூட்டும் தண்ணீர் ஓடும் வழியிலும் சின்ன அனோடுகள் உண்டு. அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. காலைத் தூக்கி நிறுத்துபவர்களுக்கு இன்னொன்று: தண்ணீருக்கு வெளியே இருக்கும் ஜிங்க் எதையும் காப்பாற்றாது. ஓட்டி முடித்ததும் குழாய்த் தண்ணீர் விட்டு உள்ளே அலசுங்கள்.

தெலுக் பாஹாங் தூண்டில்:
அண்ணே, அது கருப்பு ஸ்ப்ரே பெயின்ட். செம்பெல்லாம் இல்லை. இப்போ தண்ணீர் புகுந்து கியர் எண்ணெயும் வெளுத்துவிட்டது, கால் முழுசையும் மாற்றணும் என்கிறார்கள். குழியை வெல்டிங் வைத்து அடைத்து இஞ்சினை ஓட்டியவர்கள் யாராவது இருக்கீங்களா?

பத்து மாவுங் படகு:
செம்பு இல்லைன்னு டப்பாவைப் பார்த்தீங்களா, இல்லை பட்டறைக்காரர் சொன்னதா?